மூன்று முறை கூப்பிட்டேன்

ஆரணி
3.2.2025

தம்பி ஜெயக்குமாருக்கு, அண்ணி சூர்யகலா எழுதுகிறேன். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை.

எட்டு வருஷம் கழித்து உங்களைப் பார்த்தது வேலூர் ஆஸ்பத்திரியில், உங்கள் அண்ணன் மூச்சுக்குழாயில் டியூப் விட்டுப் பார்க்கிற அறையில். நீங்கள்தான் மயக்க டாக்டர் என்று தெரிந்திருந்தால் அவர் வந்தே இருக்க மாட்டார். "மயக்க மருந்து ரெண்டு ஜோடி இருக்குங்க, எது நல்லதுன்னு ஆராய்ச்சி பண்ணிகினு இருக்கோம். கவரைப் பிரிச்சா வர்ற ஜோடியைக் குடுப்போம்" என்றாள் நர்ஸ். கையெழுத்துப் போட்டோம்.

அதே அறைக்குப் போன களம்பூர் ரைஸ்மில்காரர் தூங்கி எழுந்த மாதிரி வெளியே வந்தார். உங்கள் அண்ணனோ முழு விழிப்பில் திணறி உதற, சதைத் துணுக்கு எடுக்காமலே பாதியில் நிறுத்தி அனுப்பினீர்கள். இருமினால் இன்னும் ரத்தம் வருகிறது. மறுபடி வரச் சொல்கிறீர்கள்.

நேராகவே கேட்கிறேன். வீட்டுப் பேச்சை மீறி மதிவதனியைக் கட்டியதற்காக இவர் உங்களை வாசற்படி ஏறக்கூடாது என்றாரே, அதற்காகத்தான் மட்டமான கவரை எடுத்தீர்களா? பதில் வராமல் அவரை அனுப்ப மாட்டேன்.

சூர்யகலா

வேலூர்
6.2.2025

அண்ணிக்கு வணக்கம்.

தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விட்டேன், மன்னியுங்கள்.

கவரில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியாது. வேறொரு டாக்டர் மருந்தைக் கலந்து, சிரிஞ்சில் நம்பர் மட்டும் ஒட்டித் தருவார். ஒரு ஜோடி மிடசோலமும் ஃபெண்டனிலும். இன்னொன்றில் மிடசோலத்துக்குப் பதில் டெக்ஸ்மெடிடோமிடின். எதுவானாலும் ஆள் அரைத்தூக்கத்தில் இருக்க வேண்டும், கூப்பிட்டால் கண் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் மயக்கம் அதிகம், மேலே மருந்து தந்தால் மூச்சு நின்றுவிடும்.

மூன்று முறை கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. மருந்தை நிறுத்தினேன். டியூப் உள்ளே போனதும் எகிறி என் கையைத் தட்டிவிட்டார். விழித்துக்கொண்டுதானே இருந்திருக்கிறார்? என் குரலுக்கா பதில் சொல்வது என்று வீம்பு. உங்களுக்கு என்மேல் சந்தேகம், எனக்கு அவர்மேல்.

நாள் கடத்தாதீர்கள். நுரையீரலில் இருப்பது டிபியா, வேறா என்று சதை எடுத்தால்தான் தெரியும். 18ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஆராய்ச்சியிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டேன். வேறு டாக்டர் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள்.

ஜெயக்குமார்

ஆரணி
10.2.2025

தம்பி,

கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். "வீம்பா? அவன் எப்ப என்னைக் கூப்ட்டான்? எனுக்கு ஒண்ணுமே கேக்கலியே!" என்று கத்தினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இருபத்திரண்டு வருஷமாக பவர்லூம் சத்தத்தில் நிற்கிறவர். இரண்டு காதும் போய் ஆறு வருஷமாகிறது. தறி ஓடும்போது நாங்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தானே பேசுவோம், அதே பழக்கத்தில் வெளியிலும் சமாளிக்கிறார். "வியாபாரிங்களுக்குத் தெரிஞ்சா பேஜாரு, மூச்சு விடாதே" என்பார். நர்ஸ் காதைப் பற்றிக் கேட்டபோது கோளாறு இல்லை என்று நான்தான் சொன்னேன். அவருக்குக் கண் சொக்கியிருக்கும், நீங்களோ மாஸ்க், உதடு எங்கே தெரியும்? பாவி நான், உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே!

செவ்வாய் வருகிறோம். வேறு டாக்டர் வேண்டாமாம். ஆனால் ஒன்று கேட்டு எழுதச் சொல்லி, பக்கத்திலேயே நிற்கிறார். "மூணு வாட்டி கூப்ட்டியே, என்னான்னு கூப்ட்டே? தனசேகரன்னா, அண்ணான்னா?"

சூர்யகலா

வேலூர்
13.2.2025

அண்ணா,

"தனசேகரன், கண்ணைத் திறங்க" என்றுதான் மூன்று முறையும். ஆஸ்பத்திரி வழக்கம் அது என்று எழுதி முடித்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

குரலுக்குக் கண் திறக்காதவரைத் தோளைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதுதான் முறை. களம்பூர்க்காரரைத் தட்டினேன். உன்னைத் தட்டவில்லை. எட்டு வருஷமாக என்னைத் தொடாதவனை நான் ஏன் தொட வேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தட்டியிருந்தால் நீ விழித்திருப்பது தெரிந்திருக்கும், இன்னும் கொஞ்சம் மருந்து தந்திருப்பேன், நீ அந்தப் பாடு பட்டிருக்க மாட்டாய்.

அண்ணி சந்தேகப்பட்டதில் தப்பில்லை. தப்பைக் கவரில் தேடினார், அது என் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை அந்த அறையில் நான் நிற்கலாமா என்று நீயே சொல்.

ஜெயக்குமார்