என் மேசையின் கால்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா சுகம், என் காலும் சுகம், மனசு மட்டும் சரியில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீயும் அழுது என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுதும் படி.

முதலில் கால் சமாச்சாரம். பெருவிரல் பக்கம் புடைத்திருந்த எலும்பைச் சீவி நேராக்கியது நன்றாகக் கூடிவிட்டதாம். மடங்கிக் கிடந்த பக்கத்து விரலுக்குள் விட்டிருந்த கம்பியையும் உருவிவிட்டார்கள், உருவும்போது நான் கத்தவில்லை, கூட வந்த உன் அப்பாதான் கத்தினார். சாயங்காலமானால் பாதம் வீங்குகிறது, அது சில மாதம் இருக்கும் என்றும், அகலமான செருப்புப் போட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நிற்கலாம், வேலைக்கும் போகலாம் என்றும் டாக்டரம்மா சொல்லிவிட்டார். அப்பா போடும் டீயைக் குடித்துக் குடித்து நாக்கு செத்துவிட்டது, அதற்காகவாவது எழுந்து நடக்க வேண்டும் என்று இருந்தேன்.

படுத்திருந்தபோது காலை உயர்த்தியே வைக்கச் சொன்னார்கள் அல்லவா, தலையணை அடுக்கினால் சரிந்துகொண்டே இருந்தது. உன் சித்திதான் இரண்டு மரக்கட்டை கொண்டுவந்து கட்டிலின் கால்மாட்டில் முட்டுக் கொடுத்தாள். உனக்குன்னே ஆசாரிகிட்ட அறுத்து வாங்கிட்டு வந்தேன்க்கா என்றாள். கூடப் பிறந்தவள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

போன வாரம் நம் தையல்கடைக்குப் போனேன். யாரிடமும் சொல்லாமல் திடீரென்று போய் நின்று உன் சித்தியைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க வாசலில் இரண்டு கட்டை வைத்திருந்தது, வீட்டில் இருப்பது போலவே. உள்ளே போனால் என் கட்டிங் மேசை குட்டையாக நிற்கிறது. முதுகு வளையாமல் நின்று வெட்ட என் இடுப்புக்கு அளவு வைத்துச் செய்த மேசை, நான் வெட்ட அவள் தைக்க என்றே ஓடிய தையல்கடை. நாலு காலையும் அறுத்துத் தன் உயரத்துக்கு ஆக்கியிருக்கிறாள், அவள் மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்து தைக்கிறாள். கத்தரியை எடுத்துப் பார்த்தேன், பாதி மடங்கினால்தான் துணி எட்டுகிறது. என் மேசைக் காலை அறுத்து என் கட்டிலுக்கே முட்டுக் கொடுத்திருக்கிறாள், அதன் மேல்தான் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

திட்டத்தான் வாயெடுத்தேன். என்னை ஏன்க்கா முறைக்கிற, உன் பொண்ணுதான் சொன்னா, அம்மாவ இனிமே நிக்க விடாதீங்க சித்தி, சொன்னா கேக்க மாட்டாங்கன்னு என்றாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் செய்தது கூட ஆறிவிடும், நீ செய்ததுதான் ஆறவில்லை. ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்றவளை, பண்ணிக்கோம்மா, அப்புறம் நாள் பூரா நின்னு வெட்டலாம் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தது யார்? அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் காலை நீட்டினேன். தினமும் போன் செய்து கால் எப்படிம்மா இருக்கு என்று கேட்டாயே, ஒரு நாளாவது இது வாய்வரை வரவில்லையா? அக்கறையில்தான் செய்தாய், தெரியும். அக்கறை இருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் சேர்ந்து நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டீர்கள்.

நேற்று அப்பாவைக் கட்டிலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி அந்தக் கட்டைகளை எடுத்துத் துடைத்துப் பையில் வைத்துவிட்டேன். நாளைக்கு ஆசாரியைக் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஒட்டுப் போட்ட காலு ஆடும்மா என்றார், என் காலும் ஒட்டுப் போட்டதுதான், நிக்குதா இல்லையா பாருங்க என்றேன். உன் சித்தி வேண்டுமானால் பலகை போட்டு ஏறி நின்று வெட்டட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. முனை குறுகிய செருப்பைப் போடாதே, உனக்கும் என் பாதம்தான். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், கோபத்திலும் அதைத்தான் நினைக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. இனி போன் செய்தால் கால் எப்படி இருக்கிறது என்று கேட்காதே. இன்றைக்கு என்ன வெட்டினாய் என்று கேள்.

உன்மேல் கோபம் இன்னும் தீராத,
அம்மா