லாக்லனின் நீலப்பல்லன்

பிப்ரவரி 9, ஞாயிறு

பத்தரைக்குச் சிறையிலிருந்து லாக்லன் பேசினான். எடுத்த எடுப்பில், "நீலப்பல்லன் தின்னானா?" எனக்கு முதுகுவலி, ஆலையில் ஆள்குறைப்பு என்று ஆயிரம் இருக்கிறது. தம்பிக்கு அவன் என்னிடம் விட்டுப்போன தொட்டி மீன்தான் முதலில்.

தின்றது, ஐந்து துண்டு கணவாய் என்றேன்.

"சிவப்பு நண்டு?"

"இருக்கு, நல்லா இருக்கு."

பொய். சங்குக்குள் குடியிருக்கும் அந்த நண்டை நவம்பரிலேயே மீன் ஓட்டோடு கடித்து நொறுக்கிவிட்டது. ராஸ் என்கிற இந்தக் கடல்மீன் வகையே அப்படித்தான் போல. முழங்கை நீளம், உடம்பெல்லாம் ஆரஞ்சுப் பட்டை, வாய் நிறைய நீலப் பல். பார்க்க அழகு, கூட விட்ட எதையும் வாழ விடாது.

ஏன் பொய் சொன்னேன்? மீனை விட்டால் எங்களுக்குப் பேச வேறு என்ன இருக்கிறது? அவனை உள்ளே தள்ளிய அந்த விபத்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

மார்ச் 2, ஞாயிறு

நண்டு புதுச் சங்குக்கு மாறிவிட்டது என்று இன்று கதை அளந்தேன். சிரித்தான். தீர்ப்புக்குப் பிறகு அவன் சிரித்து நான் கேட்டதில்லை. சிறையில் அனுமதித்த பத்து நிமிடம் ஆனதும் வழக்கம்போலத் தொடர்பு தானாக அறுந்தது.

மார்ச் 19

காலை ஆறு மணிக்குப் புயல்காற்றில் மின்சாரம் போனது. பம்பு நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். கொட்டகையில் அவன் வைத்திருந்த பேட்டரி பம்பு துருவேறிக் கிடந்தது. காற்றுக் கலக்கட்டுமென்று தொட்டித் தண்ணீரைக் குடுவையால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். பத்து மணி. பன்னிரண்டு. மூன்று. தோள் கழன்றுவிடும் போலிருந்தது. மீன் பாறைக்கடியில் சரிந்து கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"செத்துத் தொலையேன்" — வாய்விட்டே சொன்னேன். சொல்லிவிட்டு மறுபடி மொண்டேன்.

நாலே முக்காலுக்கு மின்சாரம் வந்தது.

மார்ச் 24

மீன் ஐந்து நாளாக எதையும் தொடவில்லை. நிறம் வெளுத்துவிட்டது.

மார்ச் 29, சனி

கிளாட்ஸ்டோனிலிருந்து ராக்ஹாம்ப்டன் சிறைக்குப் போய் அவனைப் பார்த்தேன். இளைத்திருக்கிறான். மீன் தின்னவில்லை என்று சொல்லிவிட்டேன்.

"மட்டி வாங்கி ஓட்ட உடைச்சுப் போடு. வாசனைக்கு வருவான்." பிறகு கேட்டான். "ரோஸ், அந்த நண்டு எப்பவோ போயிருக்குமே?"

தலையை ஆட்டினேன்.

"ஒரு மாசம் தாங்கினாலே பெரிசுன்னு தெரிஞ்சுதான் உள்ள விட்டேன்."

"தெரிஞ்சுமா வாராவாரம் கேட்ட, தடியா?"

"நீ சொல்றத கேக்க நல்லா இருந்துச்சு."

கிளம்பும்போதுதான் சொன்னான். பரோல் கிடையாதாம். வியாழக்கிழமை கடிதம் வந்திருக்கிறது. "நான் வருத்தப்படுற மாதிரியே தெரியலையாம். ஒரு வார்த்தை வாயில வரலையாம்."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடா."

"வந்தா சொல்ல மாட்டேனா?"

திரும்பும் வழியில் மட்டி வாங்கினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அழைப்பு வரவில்லை. மட்டி அப்படியே கிடக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்றும் இல்லை.

ஏப்ரல் 16

வேலை முடிந்து வந்து பார்த்தால் பாறை இடுக்கில் மீன் மல்லாந்து கிடக்கிறது. செய்தித்தாளில் சுற்றி எலுமிச்சை மரத்தடியில் புதைத்தேன். அழவில்லை. பம்பை நிறுத்தத்தான் கை வரவில்லை.

அவனிடம் எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா? அவன்தான் கூப்பிடுவதே இல்லையே.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

கூப்பிட்டான். அவன் வாயைத் திறக்குமுன் சொல்லிவிட்டேன். "நீலப்பல்லன் செத்துட்டான், லாக்கி. புதன்கிழமை. என்னால முடியல."

அவன் பின்னால் யாரோ இருமுவது கேட்டது. வைத்துவிடுவான் என்றே நினைத்தேன்.

"ரோஸ்."

"சொல்லு."

"அவர் பேரு டெஸ்மண்ட். டெஸ்மண்ட் ஓட்வே."

விபத்தில் செத்தவரின் பெயரை அவன் வாயால் கேட்பது இதுவே முதல் முறை.

"மழை பெஞ்சுது. ரோட்டோரமா நின்னு டயர் மாத்திக்கிட்டிருந்தாரு. நான் குடிச்சிட்டு ஓட்டி அவரை இடிச்சிட்டேன். இறங்கிப் போய்ப் பக்கத்துல உக்காந்தேன். அவருக்கு நினைவு இருந்துச்சு, ரோஸ். எங்கிட்ட பேசினாரு."

"என்னடா சொன்னாரு?"

சொன்னான். அதை இங்கே எழுதப்போவதில்லை. பாதியிலேயே பத்து நிமிடம் முடிந்து தொடர்பு அறுந்தது. மீதியைக் கேட்க வருகிற சனிக்கிழமை ராக்ஹாம்ப்டன் போகிறேன்.