பேர் எழுதாத கட்டம்

4-3-1964
அக்கா, நீ கொடுத்தனுப்பிய டைரி. உன்னிடம் பேசுவது போலவே எழுதுகிறேன். இந்த நேரத்தில் எழுதுவதை மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அடுத்தது எனக்கு வயிற்றில் ஆறு மாதம். கீழே ஒரு புண். வலியில்லை, ஆறவுமில்லை. இந்தப் பம்பாயில் பக்கத்து வீட்டு மதீனா பீவியிடம் மட்டும் சொன்னேன். "நம்ம ஊரு கம்பவுண்டர்கிட்ட போயிராத புள்ள. பொழுது சாயுமுன்ன நம்ம லேபர் கேம்ப் பூரா தெரிஞ்சிரும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ."

9-3-64
பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவன் ஹிந்தியில் புருஷன் பேர் கேட்டான். வாய் வரவில்லை. பி.ஏ. படித்தவள்! சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்த நாக்கு. எழுதித் தருகிறேன் என்று கை நீட்டினேன், பேனா தரவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டு, தொழில் செய்கிற பஜார் பெண்கள் உட்காரும் பெஞ்சைக் காட்டினான். அங்கே கோவில்பட்டிக்காரி அன்னத்தாய் நகர்ந்து இடம் விட்டாள். விஷயம் கேட்டுச் சிரித்தாள். "பேரச் சொன்னா ஆயுசு கொறையுமாக்கும்? அப்படின்னா நான் பாதி பம்பாயக் கொன்னிருப்பேனே!"

சிரித்துவிட்டேன். ரத்தம் எடுத்தார்கள்.

12-3-64
சிபிலிஸ். வயிற்றுப் பிள்ளையையும் தின்னும் என்றார் டாக்டரம்மா. பத்து நாள் ஊசி. புருஷனும் வர வேண்டும்.

எப்படிச் சொல்வேன்?

13-3-64
சொல்லவே வேண்டியிருக்கவில்லை. சீட்டை எடுத்துவிட்டார்.

"புருஷன் பேரு எங்கடி? பேரில்லாதவளா நீ? எத்தன பேருடி?" முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். வயிற்றைப் பொத்திக் குனிந்தேன், முதுகில் உதை. "எனக்கு கம்பவுண்டர் ஊசி போட்டு மூணு மாசத்துக்கு முன்னாலயே ஆறிப்போச்சு. ஒனக்கு எங்கேருந்து வந்துது?"

மூன்று மாதம் முன்பா? அப்போ — தெரிஞ்சேதான் என்னைத் தொட்டாரா?

கேட்டேன். அவன் கடையிலிருந்து கொண்டுவந்த தகரப்பெட்டிக்குள் என் வலது கையை வைத்து மூடியை அடித்தான். இரண்டு தரம். பாப்பா கத்திக்கொண்டே இருந்தாள். அவன் மணிக்கட்டைக் கடித்தேன். ரத்தம் வந்தது. நான் விடவில்லை.

15-3-64
முந்தாநாள் போலவே இடது கையால் எழுதுகிறேன். பிள்ளை அசைகிறது.

18-3-64
மதீனா பீவி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அதே ஆள், அதே கேள்வி.

"தளவாய்."

காதில் விழாதது போல் பார்த்தான். "தளவாய்! தளவாய்!" குறைகிற ஆயுசு குறையட்டும். பெஞ்சிலிருந்து அன்னத்தாய் கை தட்டினாள். விரலை உடைத்தது யார் என்றார் டாக்டரம்மா. அதற்கும் அதே பேர்தான்.

முதல் ஊசி ஆயிற்று. இன்னும் ஒன்பது. நானும் பாப்பாவும் மதீனா பீவி வீட்டில் இருக்கிறோம். சாயங்காலம் அவன் வந்து கதவை உதைத்தான். அவள் உலக்கையோடு நின்றாள்.

இந்தப் பக்கங்களைக் கிழித்து உனக்கே அனுப்புகிறேன், அக்கா. ஊசி முடிந்ததும் பாளையங்கோட்டைக்கு வரட்டுமா? அத்தானைக் கேட்டு, இந்த வீட்டு விலாசத்துக்குச் சீக்கிரம் பதில் போடு.