சாட்சி சொன்ன கால்

மஸ்கெலியா
03.03.2024

கர்த்தருக்குள் அன்பான அண்ணிக்கு,

பிரேமினி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் அவரும் பிள்ளைகளும் நல்ல சுகம். அங்கே அண்ணனும் நீங்களும் சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் வழக்கம். ஆனால் இந்த முறை அந்தக் கேள்விக்காகவே கடிதம் எழுத வேண்டி வந்துவிட்டது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பீர்கள். காலைப் பற்றி வாயைத் திறந்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கலியாணம் கட்டும் வரை நானும் அதே அக்கரப்பத்தனை தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவள்தான். அங்கே சிக்னல் எங்கே இருக்கும், எங்கே இருக்காது என்று எனக்கும் தெரியும். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் வாசிக்காமல் கிழிக்க உங்களுக்கு மனம் வராது.

அண்ணன் வாய் தவறிச் சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸுக்குப் பிறகு நீங்கள் டிக்கோயா கிளினிக் பக்கமே போகவில்லையாம். இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தத்துக்குப் போடுகிற மாத்திரையையும் விட்டுவிட்டீர்களாம். கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நவம்பரில் நடந்ததை நான் மறக்கவில்லை. அட்டை கடித்த இடம் புண்ணாகி ஆறாமல் கிடந்தது. நான் வந்து கை வைத்து ஜெபித்தேன். ஒரு வாரத்தில் காய்ந்தது. சபையில் சாட்சி நேரத்தில் எழுந்து நின்று, எல்லாருக்கும் காலைக் காட்டினீர்கள். நானும் அழுதேன். கர்த்தர் செய்தார் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் நான் ஜெபித்தது புண்ணுக்கு. மாத்திரையை விடச் சொன்னேனா, அண்ணி?

நேற்று பஸ் ஸ்டாண்டில் போஸ்டரைப் பார்த்தேன். ஏப்ரலில் ஹட்டனில் நடக்கப்போகும் சுகமளிக்கும் கூட்டத்துக்கு. ஒரு பக்கம் பாஸ்டர், மறுபக்கம் நீங்கள். 'மரணப் புண்ணிலிருந்து மீண்ட சகோதரி வீரம்மா' என்று போட்டிருக்கிறார்கள். அட்டைக்கடி எப்போது மரணப் புண் ஆனது? தயவுசெய்து இந்த வாரமே கிளினிக் போங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்,
பிரேமினி

~

அக்கரப்பத்தனை
11.03.2024

பாசமுள்ள நாத்தனாருக்கு,

கர்த்தர் உன் குடும்பத்தைக் காப்பாராக. உன் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. வாய் தவறியதற்காக உன் அண்ணனுக்கு இரண்டு நாள் ரொட்டியில் உப்புப் போடவில்லை. அவரும் ஏன் என்று கேட்காமல் தின்றுவிட்டுப் போனார்.

இங்கே வெயில், தேயிலையில் கொழுந்து இல்லை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனால் கணக்கப்பிள்ளை, "போஸ்டரெல்லாம் ஒட்டியாச்சு, இனி எங்க மலைக்கெல்லாம் வருவீங்களா?" என்று கேட்கிறார். கேலிதான். ஆனாலும் பிரேமி, இத்தனை வருஷம் இந்தத் தோட்டத்தில் என் முகத்தைப் பார்த்துப் பேசியவர்கள் எத்தனை பேர்? பறித்த கொழுந்தை நிறுக்கும்போதும் தராசு முள்ளைத்தானே பார்ப்பார்கள்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில் இருக்கிற என் அக்கா சண்முகவடிவை உனக்குத் தெரியும். நான் ஞானஸ்நானம் எடுத்த அன்றோடு என் வாசலை மிதிக்காதவள். வழியில் கண்டால் கூடையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு போவாள். அம்மா செத்த வீட்டில்கூடப் பேசவில்லை. அவள் என் சாட்சியைக் கேள்விப்பட்டு டிசம்பரில் வந்தாள். வாசலில் நிற்கவில்லை, உள்ளேயே வந்து உட்கார்ந்தாள். என் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தாள். நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தாள். இப்போது ஞாயிறு தவறாமல் வருகிறாள்.

அவள் முன்னால் நான் மாத்திரை போட வேண்டுமா? சுகமானேன் என்று சொன்ன வாயாலேயே அதை விழுங்கினால், 'உன் சாமி செய்தது இவ்வளவுதானா' என்று கேட்க மாட்டாளா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எனக்கு மட்டுமா, உன் கைக்கும் அல்லவா கெட்ட பெயர்? எங்கிருந்தெல்லாமோ உன்னைத் தேடி வருகிறார்கள். அந்தக் கையைப் பொய்யாக்க நான் ஆளில்லை.

கால் நன்றாக இருக்கிறது. வீணாகக் கவலைப்படாதே.

அன்புடன்,
வீரம்மா

~

மஸ்கெலியா
19.03.2024

அன்பான அண்ணிக்கு,

கால் நன்றாக இருந்தால் தூங்கும்போதும் ஏன் காலுறை போடுகிறீர்கள்? படுக்கிற காம்பராவில் வாடை வருகிறது என்று ஏன் சாம்பிராணி போடுகிறீர்கள்? அண்ணனைத் திட்டாதீர்கள். இந்த முறை அவர் வாய் தவறவில்லை. காய்ந்த புண் திரும்பவும் வெடித்துவிட்டது என்று போன் எடுத்து அழுதார்.

என் கைக்குக் கெட்ட பெயர் என்று எழுதியிருந்தீர்களே. என் கையைப் பற்றி ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதது. நான் கை வைக்கும்போது எனக்கு எதுவும் தெரிவதில்லை. சூடும் இல்லை, நடுக்கமும் இல்லை. சில பேருக்குச் சுகம் வருகிறது. பல பேருக்கு வருவதில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆட்டோ ஓட்டி ஓட்டி இவருக்கு வந்த முதுகுவலிக்கு எத்தனையோ நாள் ஜெபித்துவிட்டேன், இன்னும் தைலம்தான் தேய்க்கிறேன். இந்தக் கைக்கு என்ன பெயர் இருக்கிறது, கெடுவதற்கு?

ஒருவரை ஒருவர் தாங்கத்தான் வரங்கள் கொடுக்கப்பட்டன என்று ஞாயிறுதோறும் கேட்கிறோம், ஆமென் சொல்கிறோம். நம் வீட்டில் நடப்பது தலைகீழாக இருக்கிறது. வரம் உங்களைத் தாங்கவில்லை. நீங்கள்தான் வரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறீர்கள், அதுவும் அழுகுகிற காலால். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

பாஸ்டரிடமும் போனேன். அவர் கெட்டவர் இல்லை, உண்மையாகவே நம்புகிறார். "புது விசுவாசிங்க இருக்காங்க சிஸ்டர், இப்ப போய் இதச் சொன்னா தடுமாறிப் போயிருவாங்க" என்றார். அண்ணியே நொண்டுகிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். பயந்து வந்துவிட்டேன்.

அதனால் முடிவெடுத்துவிட்டேன். நீங்கள் கிளினிக் போகும் வரை நான் யார் தலையிலும் கை வைக்கமாட்டேன். என் வரத்துக்காகத்தானே இந்தப் பாடு? அது இல்லாமலே இருக்கட்டும்.

பிரேமினி

~

அக்கரப்பத்தனை
28.03.2024

பிரேமினிக்கு,

நாளை பெரிய வெள்ளி. இந்த நாளில் இப்படி எழுத வைத்துவிட்டாய்.

பிரியந்தி போன் பண்ணினாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு உன் வாசலுக்கு வந்தாளாம். நீ வெளியே வந்து, இப்போது ஜெபிப்பதில்லை என்று சொல்லி அனுப்பினாயாம். அவளும் இந்த லயத்தில் பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்டவள். சொந்த மனுஷி என்று நம்பி வந்தவளை இப்படியா திருப்பி அனுப்புவாய்?

கர்த்தருடைய கடையைப் பூட்ட உனக்குச் சாவி கொடுத்தது யார்? வரம் உன்னுடையது இல்லை என்று நீயே எழுதுகிறாய், பிறகு உன் சொத்தைப் போல அடைத்து வைக்கிறாய். என்னை வழிக்குக் கொண்டுவர அந்தப் பச்சைப்பிள்ளைதான் கிடைத்ததா? நான் மாத்திரை போடாதது என் உடம்போடு போகும். நீ செய்தது அப்படி இல்லை.

கூட்டத்துக்கு நான் போகத்தான் போகிறேன். சண்முகவடிவு அக்காவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள் நம் கூட்டத்துக்கு வருவது உனக்குச் சின்ன விஷயமாக இருக்கலாம். நீ வருவதானால் என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நில். முடியாதென்றால் வராதே.

வீரம்மா

~

மஸ்கெலியா
22.04.2024

அன்பான அண்ணிக்கு,

முதலில் பிரியந்தி பிள்ளை விஷயம். நீங்கள் எழுதியது சரி. கடிதம் கிடைத்த அன்றே அவள் வீட்டுக்குப் போய் ஜெபித்தேன். ஜெபித்த கையோடு தாயையும் பிள்ளையையும் இவருடைய ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனேன். மருந்து கொடுத்தார்கள், இப்போது பிள்ளை ஓடி விளையாடுகிறான். அவனைச் சுகமாக்கியது மருந்தா ஜெபமா என்று பிரியந்தி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி கூட்டம். வாயை மூடிக்கொண்டு நிற்பதாகத்தான் வந்தேன், அண்ணி. சத்தியமாகச் சொல்கிறேன். நீங்கள் மேடைக்கு ஏறும்போது அந்தப் படியில் பட்ட பாட்டைப் பார்த்தும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பாஸ்டர் காலைக் காட்டச் சொன்னார். நீங்கள் குனிந்து செருப்பைக் கழற்றினீர்கள். சனம் முழுவதும் அல்லேலூயா என்று கத்தியது.

நீங்கள் கழற்றியது இடது செருப்பு. புண் இருந்தது வலது காலில்.

அத்தனை பேரில் அதைக் கவனித்தது நானும் அண்ணனும்தான் என்று நினைக்கிறேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு முடியவில்லை. மைக்கை எப்போது வாங்கினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. "அண்ணி, மத்தக் காலக் காட்டுங்க" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றே போதுமானதாகிவிட்டது. பாஸ்டர் பாட்டைத் தொடங்கினார், கீபோர்டை வாசித்தார்கள். நீங்கள் இறங்கி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். உங்கள் அக்காவும் பின்னால் ஓடினார்.

இனி யார் மேலும் கை வைக்க வேண்டாம் என்று சபையில் சொல்லிவிட்டார்கள். கவலையில்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் வீட்டுக்கு வந்து அழுதேன். மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. ஆயிரம் பேர் முன்னால் உங்களை அவமானப்படுத்தினேன், அது தெரியும். திரும்ப அதே இடத்தில் நின்றாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

கிளினிக் போங்கள்.

பிரேமினி

~

மஸ்கெலியா
05.05.2024

அண்ணிக்கு,

பதில் இல்லை. போன் எடுத்தால் அண்ணன் "அவ தூங்குறாம்மா" என்கிறார். காலையிலும் தூக்கம், மாலையிலும் தூக்கமா? புறப்பட்டு வருகிறேன் என்றால், வேண்டாம், உங்களுக்குப் பிடிக்காது என்கிறார். திட்டியாவது நாலு வரி எழுதுங்கள். பேசாமல் இருப்பது உங்கள் குணமில்லை.

பிரேமினி

~

டிக்கோயா ஆஸ்பத்திரி
13.05.2024

பிரேமிக்கு,

கடைசிக் கடிதத்தை உன் அண்ணன் இங்கேதான் கொண்டுவந்து கொடுத்தார். உனக்குச் சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியது நான். அவரைத் திட்டாதே, ஒரு முறையாவது அவர் வாய் தவறாமல் இருந்திருக்கிறது.

வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். சுண்டுவிரலும் பக்கத்து விரலும். இன்னும் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்கள். மாத்திரையை நானாகவே விட்டேன் என்று டாக்டரிடம் சொன்னேன். நன்றாகத் திட்டினார். கேட்டுக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து பஸ்ஸில் அக்கா என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் குனிந்து என் வலது செருப்பைக் கழற்றினாள், பார்த்தாள், மூக்கைப் பொத்தவில்லை. சாட்சி பொய்யாகிவிட்டதே, இனி நீ வரமாட்டாயே என்று நான் அழுதேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒங்க சாமி சொகமாக்குச்சான்னு பாக்கவாடி நான் வந்தேன்? தங்கச்சி கால்ல புண்ணுன்னு கேள்விப்பட்டு வந்தேன்."

சொல்லிவிட்டு மடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள். அவளுக்கும் சீனி வருத்தமாம். நான் அவளுக்கு ஒளித்ததை அவள் எனக்கு ஒளிக்கவே இல்லை, நான்தான் கேட்கவில்லை. அந்த வாரமே புண் முற்றிக் காய்ச்சலும் வந்தது. என்னைத் தாங்கிப் பிடித்து இங்கே கொண்டுவந்து சேர்த்தவள் அவள்தான்.

பாஸ்டர் வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று அழுதார். மைக் இல்லாமல் அவர் ஜெபித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. சபையில் எழுந்து நின்று நடந்ததைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். யோசிப்போம் என்றார். அவர் யோசிக்கட்டும். எழுந்து நிற்க எனக்கும் நாள் எடுக்கும்.

உன் மேல் உள்ள கோபம் இன்னும் போகவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றும், ஆனால் தனியாகச் சொன்னதையெல்லாம் நான் எங்கே கேட்டேன் என்றும் தோன்றும். இரண்டும் மாறி மாறி வருகிறது.

அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டாள். படுத்தே கிடந்து தலை சடைபிடித்துவிட்டது. நர்ஸம்மாமாருக்கு ஆயிரம் வேலை. உன் அண்ணனிடம் கொடுத்தால் வார்டே சிரிக்கும். சீப்பும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு வா. உன் கை இப்போது சும்மாதானே இருக்கிறது.

கோபம் தீராத அண்ணி,
வீரம்மா