அரைக்கால் போதும்

சனிக்கிழமை, இரவு

ஒருவரும் நம்பப் போவதில்லை என்று தெரிந்தே இதை எழுதுகிறேன். அக்கா மகள் ஜெனிக்கு நாளை தாம்பரத்தில் கல்யாணம். இன்று மாலை மாடம்பாக்கம் மண்டபத்தில் நிச்சயம். வீடியோ அடியேன்.

"டேய், பொண்ணு முகத்துல பரு தெரியவே கூடாது" என்று அக்கா உத்தரவு போட்டாள். ஒளியைப் பரப்பி முகத்தை மழமழப்பாகக் காட்ட லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற டிஃப்யூஷன் ஃபில்டர் என்னிடம் அரைக்கால், கால், அரை என்று மூன்று வலிமையில் இருக்கிறது. வீட்டு டியூப்லைட்டில் அரையை மாட்டிப் பார்த்தேன். ஜெனியின் முகம் வெண்ணெய். அதையே மண்டபத்துக்கும் கொண்டுபோனேன்.

அங்கே மேடை முழுக்க சீரியல் பல்பு. கேமராவின் குட்டித் திரையில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து வீட்டு டிவியில் போட்டால் ஒவ்வொரு பல்பும் பௌர்ணமி. சம்பந்தியின் வழுக்கை வீசிய ஒளியில் மீனம்பாக்கத்தில் இரண்டு விமானங்கள் வழி தவறின.

"என்னடா இது, நிச்சயமா, போகிப் புகையா?" என்று அக்கா கத்தினாள். கேட்டதும் அவள், திட்டுவதும் அவள்!

ஜெனி மட்டும் கத்தவில்லை. "மாமா, இதுல நான் எங்க இருக்கேன்?" என்றாள்.

நாளை அரைக்கால்தான். அக்கா என்னை மேம்பாலத்தில் கட்டித் தொங்கவிடட்டும். பரு தெரிந்தால் தெரியட்டும்.

விமானமெல்லாம் நான் விட்டது. ஜெனி கேட்டது மட்டும் நிஜம்.