ஈஸ்டருக்குப் பிறகு லில்லி இருந்த நோன்பு

சிட்லபாக்கம்
18.4.93

இயேசு மரி சூசை துணை

அன்பு மகள் அருள்மேரிக்கு அப்பா சவுரிமுத்து தன் கையாலேயே எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் நோயாளிகளும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்காதே. இத்தனை வருடம் பக்கத்து வீட்டு சாவித்ரி டீச்சர் எழுதித் தந்தார், இப்போது அவர் நடத்தும் சாயங்கால வகுப்பிலேயே படித்து நானே எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுதவே வெகுநேரம் ஆகிவிடுகிறது, ஆனாலும் ரயில்வேயில் கடப்பாரை பிடித்த கை இது, எழுத்தும் போடுகிறதே என்று நானே அடிக்கடி நிறுத்தி அதைப் பார்த்துக்கொள்கிறேன். டீச்சரிடம் சொல்லி எழுதும்போது வீட்டு விஷயம் எல்லாம் சொல்லக் கூச்சமாக இருக்கும், அதனால் எல்லோரும் நலம், லில்லியும் நலம் என்று முடித்துவிடுவேன். நீயோ ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியில் லில்லி சாப்பிட்டாளா என்றுதான் கேட்கிறாய். இந்தத் தடவை அதைத்தான் எழுதப்போகிறேன், நடுவில் பயம் வந்தாலும் நிறுத்தாமல் கடைசி வரை படி.

தவக்காலம் தொடங்கியதும் எப்போதும் போல வீட்டில் கவுச்சி நின்றுபோனது. நாம் சமைக்காததை லில்லி எங்கே போய்த் தின்னும், அதற்கும் மோர் சோறும் பருப்புச் சோறும்தான். ஆட்டோ யேசுதாசன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, நாயையும் நோன்புல உட்டுட்டியா? பாவம், அது ஞானஸ்நானம்கூட வாங்கலியே" என்று கிண்டல் செய்தான். ஈஸ்டர் அன்று உன் அம்மா ஆட்டுக்கறி வைத்தாள். நம்மோடு நோன்பிருந்த ஜீவன் ஆயிற்றே என்று கொழுப்புத் துண்டாகப் பார்த்து லில்லிக்குப் போட்டாள். அவளுக்குத் தெரியாமல் நானும் என் தட்டில் இருந்த எலும்பைப் போட்டேன். அது போதாதென்று தெருவில் ஈஸ்டர் கொண்டாடிய நம் ஆட்கள் வீடு ஒன்று விடாமல் லில்லி போய் நின்று விருந்தாடிவிட்டு வந்திருக்கிறது, அதையெல்லாம் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் முருங்கை மரத்தடியில் நின்று வாந்தி எடுத்தது. உன் அம்மாவுக்குத் தாங்கவில்லை, "வயிறு காலியா கீது, எப்டிய்யா நிக்கும்?" என்று பால் சோறு பிசைந்து வைத்தாள். தின்றது, உடனே கக்கியது. வயிறு காலியாகிவிட்டது என்று மறுபடியும் வைத்தாள், மறுபடியும் கக்கியது. தெருவே கண் வைத்துவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள், நெடி ஏறி நாங்கள் இருவரும் இருமியதுதான் மிச்சம். காலையில் பார்த்தால் வேலியோரம் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது, பிறகு மஞ்சளாக நுரை தள்ளியது. தண்ணீர் குடித்தாலும் தங்கவில்லை. என்னைப் பார்த்து வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டுப் படுத்துவிட்டது. நீ விமானம் ஏறும்போது என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன ஒரே பொருள் இதுதானே, இதற்கு ஒன்று ஆகிவிட்டால் உனக்கு என்ன எழுதுவேன், அதையும் டீச்சரைக் கூப்பிட்டா எழுதச் சொல்வேன் என்று நினைத்தேன்.

யேசுதாசன் ஆட்டோவில் சாக்கு விரித்து அதைப் படுக்கவைத்துத் தாம்பரம் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வைத்தீஸ்வரன் என்று ஒருவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு என்னைத்தான் முதலில் பரிசோதித்தார் என்று சொல்ல வேண்டும், அத்தனை கேள்வி. வாந்தி என்ன நிறம், ரத்தம் இருந்ததா, எலும்புத் துண்டு வந்ததா, வயிற்றை எக்கி எக்கி எடுத்ததா இல்லை தலையைக் குனிந்ததும் தானாகக் கொட்டியதா என்றார். தானாகக் கொட்டினால் சோறு வயிறு வரைக்கும் போகவே இல்லை என்று அர்த்தமாம், அது வேறு வியாதியாம். வயிற்றை எக்கித்தான் எடுத்தது, கடைசியில் மஞ்சள் நுரை என்றேன். அதற்கு முன்னே வந்தது என்ன என்றார். உடனுக்குடன் சாம்பல் போட்டு மூடிவிட்டேன் சார் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "நாய் வாயத் தொறந்து சொல்லாது பெரியவரே. அது சொல்ற சேதியே அதுதான். அதப் போயி சாம்பல் போட்டு மூடிட்டு வந்திருக்கீங்களே" என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அதே நேரத்தில் அடடா இதில் இத்தனை இருக்கிறதா என்றும் இருந்தது.

அப்புறம் லில்லியின் முதுகுத் தோலை இரண்டு விரலால் தூக்கி விட்டார். தோல் உடனே படிந்தால் உடம்பில் நீர் இருக்கிறது, கூடாரம் மாதிரி நின்றால் வற்றிவிட்டது என்று அர்த்தமாம். லில்லிக்கு மெதுவாகத்தான் படிந்தது. வீட்டுக்கு வந்து என் கைத் தோலைத் தூக்கிப் பார்த்தேன், அப்படியே நின்றது. உன் அம்மாவுக்கும் அப்படித்தான். வயதானவர்களுக்கு இந்தக் கணக்குச் சரிவராது போலிருக்கிறது, நீ நர்ஸ், எனக்கு விளக்கி எழுது. டாக்டர் வயிற்றையும் அமுக்கிப் பார்த்தார், எலும்பு ஒன்றும் அடைத்திருப்பதாகத் தெரியவில்லை என்றார். கொழுப்புத்தான் காரணமாக இருக்கும், நாற்பது நாள் இல்லாமல் ஒரே நாளில் கொட்டினால் வயிறு என்ன செய்யும் என்றார். தோலுக்கடியில் மருந்து நீர் ஏற்றி ஊசி போட்டார். யேசுதாசன் தன் சட்டைப் பையில் இருந்த வயிற்றுவலி மாத்திரையைக் காட்டி இதில் பாதி தரலாமா என்று கேட்க, மனிதர் சாப்பிடும் மாத்திரையே நாயை முடித்துவிடும் என்று டாக்டர் அதட்டினார். நாளைக் காலை வரை ஒரு பருக்கை கூடக் கூடாது, தண்ணீரும் நக்கிக்கொள்ளும் அளவுதான், அதுவும் தங்காவிட்டால், ரத்தம் வந்தால், வயிறு உப்பினால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள், வயதான நாய், பிழைக்கும் என்று இப்போது சொல்லமாட்டேன் என்றார்.

அருள்மேரி, ஊசி போட்டதைப் பார்த்தது எனக்குக் கஷ்டமில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம். கொஞ்ச நேரத்தில் லில்லி எழுந்து, நீ வாங்கி வைத்த அலுமினியத் தட்டை வாயில் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தது. உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைப் பார்க்க வைத்துக்கொண்டு நாங்கள் எப்படிச் சாப்பிடுவது, அன்று எங்களுக்கும் சோறு இறங்கவில்லை. "ஊருக்கெல்லாம் ஈஸ்டர் வந்துட்சி, நமக்கு இன்னும் தவக்காலம் முடியல" என்று சொல்லிவிட்டு உன் அம்மா சிரித்தாள், பிறகு அழுதாள். பக்கத்து வீட்டுக்குப் போய் ஐஸ் வாங்கி வந்து துண்டு துண்டாகக் கொடுத்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் உட்கார்ந்து அதன் வயிற்றையே பார்த்தேன், எக்குகிறதா என்று. ஒரு தடவை எக்கியது. கொஞ்சம் நுரைதான், வெறும் வெள்ளை, மஞ்சள் இல்லை, ரத்தம் இல்லை. நன்றாகப் பார்த்த பிறகுதான் சாம்பல் போட்டேன்.

மறுநாள் காலையில் டாக்டர் சொன்னபடி அரிசியைக் குழையக் குழைய வேகவைத்து, கொழுப்பு, எண்ணெய், உப்பு ஒன்றும் இல்லாமல், ஆறவைத்து ஒரு கரண்டி வைத்தோம். நக்கித் தின்றுவிட்டு இன்னும் கேட்டது. உன் அம்மாவின் கை கரண்டிக்குப் போனது, நான் பிடித்துக்கொண்டேன். இருவரும் அதன் வயிற்றைப் பார்த்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம், பால்காரர் வந்து யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். ஒன்றும் வெளியே வரவில்லை. இன்னொரு கரண்டி வைத்தோம். அதுவும் தங்கியது. அதற்குப் பிறகுதான் உன் அம்மா எனக்குப் பழைய சோறு போட்டாள், கறிக்குழம்பு மிச்சம் இருந்ததை இருவருமே தொடவில்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு, பட்டினி கிடந்துவிட்டுச் சேர்த்துச் சாப்பிடாதே, இது டாக்டர் எனக்கும் சேர்த்துச் சொன்னது. பதில் எழுதும்போது எழுத்தை ஒட்டி ஒட்டி எழுதாமல் பெரிதாகப் பிரித்து எழுது, இனி உன் கடிதத்தை டீச்சரிடம் கொண்டுபோகமாட்டேன். மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாளாக. அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள்.

லில்லி சாப்பிட்டாளா என்று கேட்பாய். சாப்பிட்டாள். கொஞ்சமாக. இப்போது என் பாதத்தின் மேல் தலை வைத்துத் தூங்குகிறாள், கால் மரத்துவிட்டது, எழுந்திருக்க மனமில்லாமல்தான் இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன்.

இப்படிக்கு
உன் அப்பா
ம. சவுரிமுத்து