சனியை நேராகப் பார்த்தேன்

என் சின்னக்குட்டி,

உன் டெலஸ்கோப்பை நேற்று பரணிலிருந்து இறக்கினேன். திட்டாதே. நீ போன மறுவாரமே அதைச் சாக்கில் கட்டி மேலே ஏற்றியது நான்தான்.

குவைத்தில் வேலை பார்த்த வீட்டில் கொடுத்ததென்று போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தாயே, லயத்து வரிசை வீடெல்லாம் சிரித்தது. "எல்லாரும் டிவி கொண்டாருவாங்க, எந் தங்கச்சி குழாய் கொண்டாந்திருக்கு" என்று நானும்தானே சொன்னேன்? ஆனால் நீ வெள்ளியைக் காட்டினாய், பார்த்தேன். வியாழனையும் அதன் பக்கத்துப் பொட்டுகளையும் காட்டினாய், பார்த்தேன். சனிக்கு மட்டும் நான் வரவில்லை.

"அக்கா, ஒரே ஒருக்கா பாரு. வளையம் போட்டுக்கிட்டு என்னா அழகா நிக்குது!"

"கோயில்லயே அவருக்கு நேரா நிக்க மாட்டோம். நீ குழாய் வச்சுப் பாக்குற. போடி!"

"அவருக்கு வேற வேல இல்லியா? இந்தக் கஹவத்தைத் தோட்டத்துக்கு ஒன்னயத் தேடியா வரப்போறாரு?"

அப்புறம் அந்தக் காய்ச்சல். ஐந்தே நாள். சாவு வீட்டில் யாரோ, "சனியப் பாத்துக்கிட்டே கெடந்தா" என்றார்கள். என் மனதிலும் அதுதான் இருந்தது.

நேற்று பறித்த தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்தால், உன் மகள் படியில் உட்கார்ந்து கேட்கிறாள்: "பெரியம்மா, சனியப் பாத்ததாலயா அம்மா செத்துப்போச்சு?"

இல்லை என்று வாயால் சொன்னால் நம்புவாளா? அதனால்தான் இறக்கினேன்.

பொழுது சாய்ந்ததும் கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டகைக்கு முன்னால் குழாயை நிறுத்தினோம். அவளே திருப்பித் திருப்பிச் சனியைப் பிடித்தாள். நான் கோயில் பழக்கத்தில் ஒதுங்கி, பக்கவாட்டில் குனிந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"நேரா நில்லுங்க பெரியம்மா."

நின்றேன். ஒரு சின்னப் பாசிமணி. அதைக் குறுக்கே ஊசி குத்தினது மாதிரி ஒரு கோடு. அவ்வளவுதான்.

"வளையம் எங்கடி?"

"அதுதான். இப்ப அதோட ஓரந்தான் நமக்குத் தெரியுதாம். கொஞ்ச வருசத்துல திரும்ப விரியும்னு ஸ்கூல் சேர் சொன்னாரு."

"சரி, பாத்துட்டேன். ஒண்ணும் ஆகல" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

இனி அது பரணுக்குப் போகாது. வளையம் விரிகிறவரைக்கும், மழை விட்ட சாயங்காலமெல்லாம் அவளோடு நான் நிற்பேன். ஒதுங்கி அல்ல, நேராக.

கூப்பிட்டபோது வராமல் போனேனே, சின்னக்குட்டி. நீ காட்டிய அன்றைக்கு அந்த வளையம் எவ்வளவு அகலம் இருந்தது?

உன்கூடப் பிறந்தவள்,
அக்கா